உறங்கும் டெகுவும் நோயுற்ற டெகுவும்

வட அமெரிக்காவில் டெகு பல்லி வளர்க்கும் வீடுகளில் ஆகஸ்ட் கடைசியில் ஒரு கவலை தொடங்கும். கோடை முழுவதும் முட்டை, மீன், கோழி ஈரல், பழம் என்று எதை வைத்தாலும் மிச்சம் விடாமல் தின்ற பல்லி, இப்போது தட்டை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துபோகிறது. காலையில் விளக்கடிக்கு வரும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகிறது. மாலையில் பொந்துக்குள் போகும் நேரம் முந்திக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் மண்ணைப் பறித்துக்கொண்டு உள்ளே போகிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வெளியே வருவதில்லை. கையை விட்டுத் தொட்டால் உடம்பு சில்லென்று இருக்கிறது. மூச்சு இருக்கிறதா என்று பார்த்தால் விலா அசையவில்லை.

இது குளிர்கால உறக்கமா, நோயா? இந்தக் கேள்வியில் வளர்ப்போர் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். சிலர் பயந்துபோய், ஆரோக்கியமாக உறங்கும் பல்லியை வெளியே இழுத்து, வெந்நீரில் நனைத்து, வாயைத் திறந்து உணவைத் திணிக்கிறார்கள். வேறு சிலர், நுரையீரலில் சளி கட்டியோ சிறுநீரகம் கெட்டோ மெல்ல மாய்ந்துகொண்டிருக்கும் பல்லியை ‘உறங்குகிறது, தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்று வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது தவறுதான் அதிக உயிர்களைப் பறிக்கக்கூடியது. சோர்ந்து கிடக்கும் டெகுவைக் கண்டதும் முதலில் சொல்ல வேண்டிய சொல் ‘உறக்கம்’ அல்ல என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. மற்ற காரணங்களையெல்லாம் பார்த்து விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் உறக்கம். அப்படி விலக்குவதற்குத் தேவையான அறிவு, கடந்த சில பத்தாண்டுகளில் பிரேசிலிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளால் நமக்குக் கிடைத்திருக்கிறது.

முதலில் இனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெகு என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. பெரும்பாலான வீடுகளில் இருப்பது அர்ஜென்டினக் கறுப்பு வெள்ளை டெகு, சால்வேட்டர் மெரியானே. பிரேசிலின் தென்பகுதி, உருகுவே, பராகுவே, வட அர்ஜென்டினா ஆகியவை இதன் தாயகம். வளர்ந்த ஆண் 4 அடிக்கு மேல் நீளும்; எடை 4, 5 கிலோவைத் தாண்டும். பார்வைக்கு நம் உடும்பை நினைவூட்டினாலும் இது வேறு குடும்பம். இதற்கு நெருங்கிய உறவு சிவப்பு டெகு, சால்வேட்டர் ரூஃபெசென்ஸ். அர்ஜென்டினாவின் வறண்ட மேற்குப் பகுதி வரை அது பரவியிருக்கிறது. இவ்விரண்டும் குளிர்காலம் உள்ள நாட்டில் வாழ்பவை, இரண்டும் உறங்கும். மூன்றாவதாக விற்கப்படும் பொன்னிற டெகு, டுபினாம்பிஸ் டெகுயிக்ஸின், அமேசான் படுகையிலும் வெனிசுவேலாவிலும் கயானாவிலும் டிரினிடாட் தீவிலும் வாழ்வது. ஆண்டு முழுவதும் வெப்பம் மாறாத அந்த நிலத்தில் மாதக்கணக்கில் உறங்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஆகவே ஒரு பொன்னிற டெகு உணவை மறுத்துச் சுருண்டு கிடந்தால், அங்கே உறக்கமா என்ற கேள்விக்கே இடமில்லை. நேரே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். (2012 வரை அர்ஜென்டின டெகுவும் டுபினாம்பிஸ் என்ற பேரினத்திலேயே இருந்தது. பழைய ஆய்வுகளைத் தேடுவோர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.)

இனி காட்டில் நடப்பதைப் பார்ப்போம். பூமியின் தென்பாதியில் ஏப்ரல், மே மாதங்கள் இலையுதிர்காலம். அப்போது டெகுக்கள் படிப்படியாக உணவைக் குறைத்து வளைக்குள் ஒதுங்குகின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் வசந்தத்தோடு வெளியே வருகின்றன; வந்தவுடன் இனப்பெருக்கக் காலம். பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் ரியோ கிளாரோ நகரப் பல்கலைக்கழகத்தில் அவுகுஸ்தோ ஆபேயும் அவரோடு பணியாற்றியவர்களும் இந்தச் சுழற்சியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். டெகுவின் உறக்கத்தைப் பற்றி இன்று உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் பெரும்பகுதி அவர்கள் உழைப்பில் வந்தது.

உறக்கத்தைத் தூண்டுவது குளிர்தான் என்று பலர் நம்புகிறார்கள். தென் ஃபுளோரிடாவின் அனுபவம் இதைத் திருத்துகிறது. வளர்ப்பு வணிகத்தின் வழியாக அங்கே வந்து காட்டில் பெருகிவிட்ட டெகுக்களில் வளர்ந்த ஆண்கள் ஐந்தை, ரேடியோ கருவியும் தானியங்கிக் கேமராவும் வைத்து ஆய்வாளர்கள் குளிர்காலம் முழுக்கக் கண்காணித்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வின்படி உறக்கம் செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரிக்குள் முடிந்தது. சராசரி 137 நாட்கள். செப்டம்பரில் மயாமி வட்டாரத்தின் பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர் வருவதற்கு வெகு முன்பே அவை படுக்கைக்குப் போய்விட்டன. பகல் நேரம் சுருங்குவதை உடல் உணர்கிறது, உள்ளே ஓடும் பருவக் கடிகாரம் அதற்கேற்ப அசைகிறது என்று கொள்வதுதான் பொருந்துகிறது. இன்னொன்றையும் இங்கே கவனிக்கலாம். தாயகத்தில் ஏப்ரலில் உறங்கப்போகும் அதே இனம் இங்கே செப்டம்பருக்கு மாறியிருக்கிறது. இதன் நாட்காட்டி பிறப்பிலேயே அச்சடித்து வருவதில்லை. வாழும் ஊரின் ஒளியைப் பார்த்து எழுதப்படுகிறது.

அந்த ஆய்வில் வளர்ப்போருக்கு மிகவும் வேண்டிய செய்தி வேறொன்று. ஐந்தில் ஒரு டெகு மட்டும் மற்றவற்றைப் போல் அடங்கிக் கிடக்காமல், குளிர்காலம் முழுவதும் வெயில் காய்ந்து உடல் வெப்பத்தைப் பேணிக்கொண்டே இருந்தது. ஒரே ஊர், ஒரே வானிலை, ஒரே பால். அப்படியிருந்தும் ஒன்று விலகி நடக்கிறது. ஆகவே ‘என் டெகு இந்த ஆண்டு உறங்கவில்லையே’ என்று கலங்க வேண்டியதில்லை. போன ஆண்டு உறங்கியதாலேயே இந்த ஆண்டுச் சோர்வும் உறக்கம்தான் என்று எடுத்துக்கொள்வதும் சரியல்ல.

குளிரைத் தாங்கும் திறனிலும் இந்த இனம் ஆராய்ச்சியாளர்களை வியக்க வைத்தது. ஃபுளோரிடாவில் பிடித்த டெகுக்களை அலபாமாவின் ஆபர்ன் நகரில் திறந்தவெளி அடைப்புகளில் குளிர்காலம் கழிக்க விட்டபோது பெரும்பாலானவை பிழைத்தன. இந்த முடிவு 2021-இல் வெளியானது. நிலத்தின் மேல் உறைபனி கொட்டினாலும், ஆழமான வளைக்குள் வெப்பம் அவ்வளவு இறங்குவதில்லை என்பதே அவற்றின் பாதுகாப்பு. வீட்டில் இரண்டு அங்குல மரத்துகளின் மேல் கிடக்கும் டெகுவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. காட்டு டெகு தாங்கியதையெல்லாம் வீட்டு டெகுவும் தாங்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

உறங்கும் உடலுக்குள் என்ன நடக்கிறது? அறிகுறிகளைப் படிக்க இதுதான் அடிப்படை என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் பிறந்து முதல் ஆண்டைக் கடக்கும் இளம் டெகுக்களை அளந்தார்கள். சுறுசுறுப்பான பருவத்தில் ஓய்வின்போது செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் மட்டுமே குளிர்காலத்தில் செலவாகிறது. 17 டிகிரியில் இருந்தாலும் 25 டிகிரியில் இருந்தாலும் இந்தக் குறைந்த அளவு பெரிதாக மாறவில்லை. குளிரில் உடல் மந்தமாவது வேறு, உடல் தானே தன் இயக்கத்தைத் தாழ்த்திக்கொள்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இரத்தத்தில் சர்க்கரை, விழித்திருக்கும் பல்லியில் இருப்பதைவிட 60 சதவீதம் குறைகிறது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரளிலும் வாலில் சேர்ந்த கொழுப்பிலும் ஏறத்தாழ கால் பங்கு, உறக்கத்தின் பாதிக் காலத்துக்குள் கரைகிறது. குடலும் சுருங்கிவிடுகிறது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. உறக்கத்தைக் காட்டிலும் விழிப்புதான் உடலுக்குச் செலவு. விழிக்கத் தொடங்கும் நாட்களில் கொழுப்பு இன்னும் வேகமாகக் கரைகிறது. வால் தசையின் புரதம் பாதியளவு குறைகிறது. அப்படியிருந்தும் அந்த நாட்களில் இளம் டெகுக்கள் உணவைத் தொடுவதில்லை. உறங்கும் பல்லியை அடிக்கடி எழுப்பிப் பார்ப்பதில் உள்ள கெடுதல் இதிலிருந்தே விளங்கும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும், மார்ச் மாதத்துக்கென்று சேர்த்து வைத்த இருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழிக்க வைக்கிறோம்.

மூச்சைப் பற்றிய ஆய்வு 1999-இல் வந்தது. டெனிஸ் அந்த்ராதேயும் ஆபேயும் செய்தது. 17 டிகிரியில் உறங்கும் டெகு தொடர்ந்து மூச்சு விடுவதில்லை. ஒன்று முதல் 22 மூச்சு வரை ஒரு தொகுதியாக விடும்; பிறகு நிறுத்திவிடும். அந்த இடைவெளி 2 நிமிடத்துக்கும் குறைவாக இருக்கலாம்; 26 நிமிடம் வரையும் நீளலாம். 25 டிகிரியில் உறங்கும்போது மூச்சு சீராகவே ஓடுகிறது. பொந்தைத் திறந்து ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்து, விலா அசையவில்லை என்று அழுதவர்கள் உண்டு. குளிர்ந்த அறையில் உறங்கும் டெகுவின் அருகே அரை மணி நேரம் காத்திருக்காமல் அது இறந்துவிட்டது என்று யாரும் முடிவு செய்யக் கூடாது.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருவோம். உண்மையான உறக்கத்தின் முதல் அடையாளம் அதன் படிப்படியான வருகை. பசி ஒரே நாளில் நிற்காது. தினமும் தின்றது இரண்டு நாளுக்கு ஒருமுறை தின்னும். பிறகு நான்கு நாளுக்கு ஒருமுறை. பிறகு விருப்பமான முட்டையை மட்டும் நக்கிவிட்டுப் போகும். வெயில் காயும் நேரம் அதே வேகத்தில் குறையும். இந்த இறக்கம் மூன்று, நான்கு வாரம் நீள்வது இயல்பு. அதோடு வேலையும் நடக்கும். மண்ணைத் தோண்டும், வைக்கோலையும் மரத்துகளையும் வாயாலும் காலாலும் இழுத்துக் குவிக்கும், பொந்தின் வாயை உள்ளிருந்து அடைக்கும். காட்டிலும் டெகுக்கள் இப்படித்தான் வளையை அடைத்துக்கொள்கின்றன. என் மதிப்பீட்டில் இந்த அடைக்கும் வேலைதான் மிக நம்பகமான ஒற்றை அடையாளம். நோயுற்ற பல்லிக்கு அவ்வளவு உழைக்கத் தெம்பு இருக்காது. எங்கே சோர்ந்ததோ அங்கேயே படுத்துவிடும்.

இரண்டாவது, உடலின் கட்டு. உறங்கப்போகும் டெகு கோடையில் தின்று கொழுத்த டெகு. வாலின் அடிப்பகுதி உருண்டு திரண்டிருக்கும்; இடுப்பெலும்பு வெளியே தெரியாது; கண்கள் குழி விழாமல் நிறைந்திருக்கும். பொந்திலிருந்து எடுத்தால் கண்ணைத் திறக்கும், மெதுவாக நாக்கை நீட்டும், ஒருவேளை சீறும். கையில் தூக்கினால் கால்களில் பிடிப்பு தெரியும். தரையில் விட்டால் தள்ளாடியபடியே என்றாலும் திரும்பப் பொந்தைத் தேடிப் போகும். மல்லாத்தினால் புரண்டு எழும். துணி போலத் தொங்கும் பல்லி உறங்கும் பல்லி அல்ல.

மூன்றாவது, காலம். வட பாதியில் ஆகஸ்ட் நடுவிலிருந்து நவம்பர் வரை தொடங்குவது நம்பத்தக்கது. ஏப்ரலிலோ ஜூனிலோ ஒரு டெகு உணவை விட்டுச் சுருண்டால் அதை உறக்கம் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பெண் டெகு வசந்தத்தில் திடீரென்று உணவை மறுத்து, ஓயாமல் தோண்டிக் குவித்தால், அது முட்டையிடும் தயாரிப்பாக இருக்கும். உறக்கத்துக்கும் கூட்டுக்கும் ஒரே வகைத் தோண்டல் என்பதால் இங்கே குழப்பம் எளிது. முட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

உறக்கத்தின் வேடம் போடும் நோய்களில் முதலில் நிற்பது நோய்கூட அல்ல, வெறும் குளிர். வெயில் காயும் இடத்தின் தரை வெப்பம் 45 முதல் 50 டிகிரி வரை வேண்டிய பிராணி இது. குளிர்ந்த மூலை 24, 25 டிகிரியில் இருக்க வேண்டும். அக்டோபரில் வீட்டின் வெப்பம் தானாக இறங்குகிறது. விளக்கின் சூடு போதாமல் போகிறது, அல்லது தெர்மோஸ்டாட் பழுதாகிறது. பல்லி மந்தமாகிறது. தின்ற உணவு செரிக்காமல் வயிற்றில் கிடக்கிறது. வளர்ப்பவர் பருவத்தைப் பார்த்து ‘உறக்கம் வந்துவிட்டது’ என்று மகிழ்கிறார். இது உறக்கம் அல்ல, விறைப்பு. பிரித்தறிவது கடினம் அல்ல. வெப்பமானியை எடுத்து வெயில் காயும் கல்லையும் பொந்தின் உட்புறத்தையும் அளக்க வேண்டும். குறை இருந்தால் சரிசெய்ய வேண்டும். வெறும் குளிரில் மந்தமான டெகு ஓரிரு நாளில் பழையபடி தின்னத் தொடங்கும். பருவ உறக்கத்தில் இறங்கிய டெகுவோ, சரியான சூடு கையெட்டும் தூரத்தில் இருந்தும் அதை விட்டுவிட்டுப் பொந்துக்கே திரும்பும். 17-க்கும் 25-க்கும் வேறுபாடு காட்டாத அந்த இளம் டெகுக்களின் உடலியல், இந்தச் சோதனைக்கு வலுவான துணை.

அடுத்தது எலும்பு நோய். புற ஊதா விளக்கு கண்ணுக்கு வெளிச்சமாகவே எரிந்துகொண்டிருக்கும். ஆனால் சில மாதங்களில் அதன் புற ஊதாக் கதிர் குறைந்துவிடும். கால்சியமும் வைட்டமின் டி-யும் போதாத டெகு நடக்கத் தயங்கும், தாடை மென்மையாகி ரப்பர் போல் வளையும், விரல்கள் துடிக்கும், கால்கள் வீங்கும். வளரும் குட்டிகளில்தான் இது அதிகம். குட்டிகளில்தான் உறக்கம் என்ற சாக்கும் எளிதாகச் சொல்லப்படுகிறது. விரல் துடிப்பு எந்த உறக்கத்திலும் கிடையாது. அதைக் கண்ட அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நுரையீரல் தொற்று மூன்றாவது. வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூக்கில் குமிழி, விசில் போன்ற ஒலி, தலையை உயர்த்தி நீட்டிக்கொண்டு கிடத்தல் ஆகியவை இதன் முகங்கள். ஈரம் மிகுந்து சூடு குறைந்த கூண்டில் இது வரும். இந்த நிலையில் உள்ள பல்லியை உறங்க விட்டால், உடலின் எதிர்ப்பாற்றலும் தாழ்ந்துவிடுவதால் தொற்று கட்டவிழ்ந்து பரவும். குடல் புழுக்கள், கல்லோ மரத்துகளோ விழுங்கி ஏற்பட்ட அடைப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் இதே சோர்வையும் பசியின்மையையும் காட்டும். இவற்றைக் கழிவு காட்டிக்கொடுக்கும். டெகுவின் சிறுநீர்க் கழிவு வெள்ளையாக, சுண்ணாம்பு போல் இருக்க வேண்டும். அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், கடினமாகக் கட்டினால், உறக்கத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

இவற்றிலெல்லாம் கண்ணும் ஊகமும் தவறலாம். தவறாதது தராசு. அடங்கியிருக்கும் டெகு மிகக் குறைவாகவே எடை இழக்கும். ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜனில் வாழும் உடலுக்கு அதிகம் எரிப்பதற்கு இல்லை. ஊர்வன மருத்துவத்தில் பொதுவாகக் கொள்ளும் எச்சரிக்கை எல்லை, உறங்கத் தொடங்கிய எடையில் 10 சதவீதம். 4 கிலோ டெகுவுக்கு அது 400 கிராம். ஒரு மாதத்துக்குள் அதில் பாதி போய்விட்டால்கூடக் காத்திருக்காமல் விசாரிக்க வேண்டும். ஆனால் உறங்கத் தொடங்கியபோது இருந்த எடை தெரியாதவருக்கு இந்த எல்லையால் பயனில்லை. நான் கவனித்த வரையில் வளர்ப்போர் பெரும்பாலும் தவறவிடுவது இந்த ஒன்றைத்தான். விளக்குக்கும் கூண்டுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் சமையலறைத் தராசையும் ஒரு நோட்டையும் மறந்துவிடுகிறார்கள்.

உறக்கத்தை அனுமதிக்கலாமா, தடுக்கலாமா என்பதில் வளர்ப்போர் இரண்டு அணியாக நிற்கிறார்கள். அனுமதிப்பவர்கள் இயற்கைச் சுழற்சியையும் இனப்பெருக்கத்தையும் காரணம் காட்டுகிறார்கள். தடுப்பவர்கள் விளக்கு நேரத்தை 12 மணிக்குக் குறையாமல் வைத்து, சூட்டையும் குறைக்காமல், பல்லியை ஆண்டு முழுவதும் விழித்திருக்கச் செய்கிறார்கள். சிலருக்கு அது பலிக்கிறது, சிலருக்குப் பலிப்பதில்லை. என் நிலை இது: நல்ல எடையுள்ள, சோதனையில் புழுவோ தொற்றோ இல்லாத, ஓராண்டைக் கடந்த டெகு தானே உறங்கப் போனால் அதை மறிக்கக் கூடாது. மெலிந்ததும் நோயிலிருந்து மீண்டு வருவதும் புதிதாக வீட்டுக்கு வந்ததும் உறங்கக் கூடாது. அவற்றுக்கு ஒளியையும் சூட்டையும் தளர்த்தாமல் வைத்திருக்க வேண்டும். குட்டிகள் விஷயத்தில் கருத்து பிளவுபடுகிறது. காட்டில் குட்டிகள் முதல் குளிர்காலத்திலேயே உறங்குகின்றன. 2004-இல் வெளியான ஆய்வும் அவற்றை வைத்தே நடந்தது. ஆனால் அங்கே குட்டி உறங்கப் போவதற்கு முன் உடல் எடை ஏறுவதைவிட வேகமாகக் கொழுப்பைச் சேர்க்கிறது. வீட்டுக் குட்டி அப்படிச் சேர்த்திருக்கிறதா என்பதை வாலின் பருமனே சொல்லும். மெல்லிய வாலோடு ஒரு குட்டி தூங்கி வழிந்தால் நான் அதை நோயாளியாகவே நடத்துவேன்.

உறக்கம் என்று முடிவான பிறகு செய்ய வேண்டியவை குறைவு. கடைசி உணவுக்குப் பின் ஏறத்தாழ இரண்டு வாரம் சூட்டைக் குறைக்காமல் வைத்து, குடல் காலியாக விட வேண்டும். செரிக்காத இறைச்சி குளிர்ந்த வயிற்றில் அழுகும். உறக்கத்தில் நேரும் மரணங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பிறகு விளக்கு நேரத்தையும் சூட்டையும் மெல்லக் குறைக்கலாம். பொந்துக்குள் 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்க்க வேண்டும். மண் லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும், நனைந்திருக்கக் கூடாது. நல்ல தண்ணீர் எப்போதும் வெளியே இருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் ஒருநாள் எழுந்துவந்து குடித்துவிட்டுத் திரும்பிப் போகும் டெகுக்கள் பல. மாதம் ஒன்றிரண்டு முறை, வெளிச்சம் அதிகம் இல்லாமல், விரைவாக எடை பார்த்துவிட்டு வைத்துவிடலாம். அதற்கு மேல் தொடக் கூடாது.

விழிக்கும் காலத்தில் அவசரம் கூடாது. எழுந்தவுடன் தண்ணீர், பிறகு சில நாள் வெயில் காய்தல், அதன் பிறகே சிறிய அளவில் உணவு. சுருங்கிய குடலுக்கு ஒரு முழு எலியைக் கொடுப்பது தீங்கு. எழுந்தும் ஒரு வாரம் தின்னாமல் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது இயல்பு என்பதை முன்னே சொன்ன ஆய்வே காட்டுகிறது. மூன்று வாரம் கடந்தும் சூடு காய்ந்தபடி உணவைத் தொடாவிட்டால் அது மருத்துவரின் வேலை. இந்தப் பருவத்தில் ஆண்கள் முரடாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உறக்கம் கழிந்து இனப்பெருக்கத்துக்குத் திரும்பும் டெகு, உடலியலிலேயே வேறொரு நிலைக்குப் போகிறது. கிளென் டாட்டர்சலும் பிரேசில் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, இனப்பெருக்க மாதங்களில் இந்தப் பல்லிகள் இரவில் வளைக்குள் சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி வரை அதிக வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன என்று காட்டியது. தாயகத்தில் ஒரே பிராணி ஜூலையில் வளையின் குளிருக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறது, அக்டோபரில் தன் வளையைத் தானே சூடாக்குகிறது. ஊர்வனவற்றைப் பற்றி நாம் படித்த பாடங்களில் பலவற்றைத் திருத்தி எழுத வைத்த உண்மை இது.

தமிழ்நாட்டில் டெகு வைத்திருப்போர் குறைவு. அவர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். ரியோ கிளாரோவிலும் மயாமியிலும் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய மூன்று மணி நேர வேறுபாடு உண்டு. சென்னையில் அது ஒன்றரை மணி நேரம்தான். மார்கழியின் குளிரும் மென்மையானது. பருவத்தின் குரல் இவ்வளவு தணிந்து ஒலிக்கும் ஊரில், சோர்வைக் கண்டதும் நோயைச் சந்தேகிப்பதே முறை. சட்டமும் நினைவில் இருக்க வேண்டும். டெகு பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள விலங்கு. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024-இல் வந்த விதிகளும் அத்தகைய விலங்கை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பதிவில்லாத டெகுவோடு மருத்துவரிடம் போகத் தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பது பல்லி.

டெகு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே எடை பார்த்து எழுதத் தொடங்குங்கள். அம்மாதத்துக்குள் கழிவைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். வால் அடியை ஒரு படம் எடுத்து வையுங்கள். அக்டோபரில் பொந்தின் வாய் அடைபட்டிருக்கும்போது, உள்ளே இருப்பது உறக்கமா நோயா என்று சொல்ல உங்களிடம் இருக்கப்போவது அந்தப் பதிவுகள் மட்டுமே.